யாரும் இறக்கச் சொல்லாத கனம்

அம்சவேணியின் தலைக்கு மேல் நின்ற கனத்தை இறக்கு என்று சொல்ல வேண்டியவர் சொல்லாமலே எழுந்து போய்விட்ட அந்தப் பங்குனி மாதத்திலிருந்துதான் எங்கள் நரிமேட்டுத் தெருவில் ஆட்டுக்கல் காற்றில் உருள ஆரம்பித்தது, செங்கல்லைக் கோழி கிளறித் தள்ளிக்கொண்டு போனது, செத்துப்போன தகப்பனை ஒற்றை மகன் தோளில் போட்டுக்கொண்டு பீடி பிடித்தபடி சுடுகாட்டுக்கு நடந்தான். வெளியூர்க்காரர்கள் கேட்டால் வாயைப் பிளக்கிறார்கள், எங்களுக்கென்ன, பழகிவிட்டது, ஆடி மாதம் வந்தால் அம்மியைக் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிவிட்டுத்தான் வெளியே கிளம்புவோம்.

அம்சவேணி எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர்; அவள் குக்கர் விசில் அடித்தால் நான் என் அடுப்பை அணைக்க ஓடுவேன், அப்படி ஒரு சுவர். அவள் வீட்டுக்காரர் லோகநாதன் அண்ணன் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் பெற்றோம், எனக்குப் பையன், அவளுக்கு மித்ரா. கல்யாணத்துக்கு முன்பே பளு தூக்கி மெடல் வாங்கினவள் அவள். குழந்தை குப்புற விழ ஆரம்பித்ததும் மறுபடி தெருக்கோடியில் பலராமன் மாஸ்டர் நடத்துகிற தகரக் கொட்டகைக்குப் போகத் தொடங்கினாள், நான் இரண்டு பிள்ளைகளையும் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வேன், அதனால் தூக்குகிற வித்தை மொத்தமும் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

“கையால தூக்கறவன் எந்தக் காலத்துலயும் தூக்க மாட்டான்,” என்பார் மாஸ்டர். “கை வெறும் கயிறு, வெரலு கொக்கி. தொடையும் குண்டியும்தான் வேல செய்யணும். தண்ட மேல இழுக்காத அம்சா, பூமிய கீழ தள்ளு, தண்டு தானா வரும். முதுக பலக மாதிரி வெச்சிக்கோ. வயித்துல காத்த ரொப்பு. ரொப்பிட்டு வுடாத!”

இன்னொன்றும் சொல்வார். சதைக்கு இழுக்க மட்டும்தான் தெரியுமாம், நிறுத்து என்று மேலிருந்து சொல்லும்வரை இழுத்துக்கொண்டே இருக்குமாம். தூக்கும்போது சதை வளர்வதில்லை, நார் நாராகக் கிழிகிறது. இறக்கி வைத்துவிட்டுத் தூங்கும்போதுதான் தின்ற முட்டையும் கடலையும் உள்ளே போய்க் கிழிந்ததைத் தைத்து முன்னைவிடத் தடிமனாக்குகிறது. கேட்கும்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. உள்ளே ஒரு தையல்காரன் உட்கார்ந்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொள்வேன்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் பூத்தோரணத்தைக்கூடக் கழற்றவில்லை, அதன் கீழேயே பலகை போட்டு இரும்புத் தண்டை வைத்திருந்தார்கள். அம்சவேணி தன் எடையைவிட ஒரு அரிசி மூட்டை கூடுதலாகத் தூக்க வேண்டும், தூக்கிவிட்டால் ஸ்டேட் டீம். சட்டம் என்னவென்றால், தண்டு தலைக்கு மேலே போய், முழங்கை பூட்டி, கால் இரண்டும் ஒரு கோட்டில் வந்து ஆள் அசையாமல் நின்ற பிறகு, நடுவில் உட்கார்ந்திருக்கும் நடுவர் கையை மேலிருந்து கீழே வெட்டி ‘டவுன்’ என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கீழே போட்டால் தூக்கினது தூக்காத கணக்கு. அன்றைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் சாலமோன் சார், நீலக் கோட்டு, நல்ல மனுஷன்.

அவள் குனிந்து பிடித்தாள், பூமியைத் தள்ளினாள், தண்டு முழங்காலைத் தாண்டி இடுப்பில் உரசி எம்பி மேலே வர, அதன் அடியில் சரக்கென்று புகுந்து தோளில் வாங்கி எழுந்து, மூச்சு ஒன்றை விழுங்கி, காலை முன்னும் பின்னுமாக வெட்டித் தலைக்கு மேலே பூட்டினாள். கால்களைச் சேர்த்தாள், நின்றாள். சாலமோன் சார் கை மேலே போனது. அந்த நேரம் பார்த்து வாசலில் பேண்டு வாத்தியம் அடித்தது, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். மேலே போன கை கீழே வெட்டாமல் இன்னொரு கையைச் சேர்த்துக்கொண்டு கும்பிட்டது. நடுவர் மூன்று பேரும் எழுந்தார்கள், மண்டபமே எழுந்தது, எல்லா முதுகும் மேடைப் பக்கம், எல்லா முகமும் வாசல் பக்கம்.

“வுடாத அம்சா! இன்னும் சொல்லல! வுட்டீனா போச்சு!” என்று கீழேயிருந்து கத்தினது பலராமன் மாஸ்டர்தான்.

அவள் விடவில்லை. விருந்தினருக்கு மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், அவர் உடல்நலம் பற்றிப் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். என் மடியில் மித்ரா பசித்து அழுதாள். அம்சவேணியின் கழுத்து திரும்பவில்லை, கண் மட்டும் எங்கள் பக்கம் வந்தது, சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் பால் நனைந்து பரவியது. எப்படி அத்தனை நேரம் நின்றாள் என்று கேட்காதீர்கள், முழங்கை பூட்டிவிட்டால் தாங்குவது எலும்புதான் என்று மாஸ்டர் சொல்வார், எனக்கு அவ்வளவுதான் தெரியும். பேச்சு முடிந்ததும் பின்னால் பிரியாணி தயார் என்று அறிவித்தார்கள். மண்டபம் காலியானது. லோகநாதன் அண்ணனும் மாஸ்டரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறித் தண்டை அவள் கையிலிருந்து வாங்கினார்கள்.

“இன்னா மாஸ்டர் இது,” என்றார் லோகநாதன் அண்ணன். தட்டெல்லாம் மாட்டிய தண்டு அவருடைய ஒற்றைக் கையில் முருங்கைக்காய் மாதிரி நின்றது.

அம்சவேணி மேடையை விட்டு ஒரு அடி வைத்தாள். பலகை முறிந்தது.

ஊருக்கு வந்து இறங்கினதும், பஸ் ஒரு பக்கம் சாய்ந்தபடியே வந்தது வேறு விஷயம், குழாயடியில் அவள் பழக்கத்தில் என் குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுத்ததும் குடம் வெறும் தக்கை. தண்ணீர் ததும்புகிறது, கனம் இல்லை. தெருவில் முதலில் விஷயம் புரிந்தது இட்லிக்கடை கோட்டீஸ்வரி அக்காவுக்குத்தான். “அடியே, யாரும் டவுனு சொல்லல இல்ல? அதான் இவளுக்கு இன்னும் தூக்கறது முடியல. எத்த தொட்டுத் தூக்கினாலும் கனம் இவகிட்டயே தங்கிடுது.”

அம்சவேணி அதைக் காதில் வாங்காமல், “பரிமளா, பால் கட்டிக்கினு உயிர் போவுது, குடு பாப்பாவ,” என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

நான் மித்ராவை மார்போடு இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனேன்.

அவள் நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. பிறகு மெல்ல மடங்கியது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளையை அவள் தூக்கவில்லை. பாயில் மல்லாத்திப் படுக்கவைப்போம், பசு கன்றுக்கு மேல் நிற்பது போல அவள் கையூன்றிக் குனிந்து பால் கொடுப்பாள், தலையைத் தடவலாம், காலைப் பிடித்து ஆட்டலாம், தரையை விட்டு ஒரு விரற்கடை எழுப்பக் கூடாது. தெருவில் ஆள் மாற்றி ஆள் மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டோம். பதிலுக்கு அவள் எங்கள் கனத்தைத் தூக்கினாள். யாரும் பேசிவைத்துச் செய்ததில்லை, மோரும் கறிவேப்பிலையும் கைமாறுவது போலத்தான் அதுவும்.

முதலில் கோட்டீஸ்வரி அக்காவின் ஆட்டுக்கல். பிறகு கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர். அரிசி மூட்டையையும் கொண்டுபோனோம், ஆனால் கனமில்லாத சோறு வயிற்றில் நிற்கவில்லை, கனமில்லாத தண்ணீருக்குத் தாகம் தீரவில்லை, அதனால் தின்கிற பொருளை மட்டும் விட்டுவிட்டோம். திருவிழாவில் அம்மன் சப்பரத்தை அவள் ஒரு முறை தூக்கி வைத்தாள், ஆண்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு விடியவிடிய குதித்தார்கள், அம்மனின் கனமும் அவளோடு வீட்டுக்கு வந்தது. அப்புறம் செங்கல் வந்தது. லோடு லோடாக வந்தது. எங்கள் தெருவில் பாதி மண் சுவர், மேலே ஓடு, ஒரு மாடி தாங்காது. அவள் தூக்கி வைத்த செங்கல் என்றால் மண் சுவருக்கு மேலே என்ன, முருங்கை மரத்துக்கு மேலேயே கட்டலாம். கட்டினோம். மாடிக்கு மேல் மாடி, நானும் ஒன்று கட்டினேன், காற்று பிய்த்துக்கொண்டு வரும், துணி அரை மணியில் காயும்.

“உனுக்குக் கஷ்டமா இல்லயாடி?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“இருக்கறது இருக்குது, இன்னும் ஒரு கல்லா பரிமளா?” என்று சிரித்தாள். “ஒவ்வொரு தபா தூக்கும்போதும் சுத்திப் பாப்பேன். யாராவது டவுனு சொல்லுவாங்களான்னு.”

சொல்லாமல் இல்லை. தெருவே கூடிச் சொன்னோம். கோயில் மைக்கில் சொன்னோம். சர்டிபிகேட் வைத்திருக்கிற வேறொரு நடுவரை மாஸ்டர் கூட்டிவந்து சொல்லவைத்தார், ஒன்றும் அசையவில்லை; அன்றைக்குச் சொல்லாமல் விட்ட வாய்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சாலமோன் சாரோ வேலையை விட்டு எங்கேயோ மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவள் கால் வைத்தால் வீட்டுத் தரை பிளந்ததால் கொல்லையில் துவைக்கிற கருங்கல் மேலேயே உட்கார்ந்தாள், படுத்தாள். தூங்கினாலும் கனம் இறங்குவதில்லையே, உள்ளே இருக்கிற தையல்காரனுக்கு வேலை செய்ய நேரம் ஏது, கிழிந்த சதை கிழிந்தபடியே கரைந்தது. ஊர்க் கனமெல்லாம் ஏற ஏற அவள் குச்சியாக இளைத்தாள். கல் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் மாஸ்டர் ஊர் ஊராக விசாரித்து சாலமோன் சாரைக் கண்டுபிடித்தார். சார் அதே நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கல்லுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார், அன்றைக்கு உட்கார்ந்தபடியே. அம்சவேணி எழுந்து வெறுங்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி முழங்கையைப் பூட்டினாள். வெறுங்கைதான், ஆனால் அவள் காலடியில் கல் மண்ணுக்குள் நறநறத்தது. லோகநாதன் அண்ணன் மனைவியைப் பார்க்கவில்லை. கனம் இறங்கினதும் அவள் மடியில் கொடுக்க மித்ராவைத் தேடினார்.

சார் கையை உயர்த்தினார்.

“சார்! ஒரு நிமிசம் சார்!” கோட்டீஸ்வரி அக்கா குறுக்கே வந்தாள். “அன்னைக்குத் தூக்கனது மட்டும்தான எறங்கும்? இல்ல…”

சார் யோசித்தார். “அவ தாங்கிக்கினு இருக்கறது பூராவும்தாம்மா. அதது அததுக்குப் போயிடும்.”

நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மண் சுவர் மேல் மாடி, மாடி மேல் மாடி, அதன் மேல் தண்ணீர்த்தொட்டி. என் வீட்டு மாடியில் என் பையனும் மித்ராவும் ஒரே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஆளுங்கள வெளிய கூட்டினு வந்துட்டு சொல்லட்டுமே,” என்றார் லோகநாதன் அண்ணன்.

“வந்துட்டு எங்க போவறது லோகு?” என்றாள் கோட்டீஸ்வரி அக்கா. “தெருவே வுழும். என் பொண்ணு கல்யாணத்துக்கு மேல பந்தல் போட்டுக்கினு இருக்கறன். இது முடியட்டும்பா. தை பொறந்தா அவங்கவங்க மாடிய பிரிச்சி எறக்கிடலாம். இத்தினி நாள் இருந்தா, இன்னும் ரெண்டு மாசம்.”

லோகநாதன் அண்ணன் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். அம்சவேணியின் கை இன்னும் மேலேயே இருந்தது. அவளும் என் மாடியைத்தான், அதில் ஆடுகிற தூளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், நீங்க டீ சாப்ட்டு கெளம்புங்க,” என்றாள். “தையில வாங்க.”

தையில் கோட்டீஸ்வரி அக்காவின் மகள் முழுகாமல் இருந்தாள், மாடியில் படுத்திருந்தாள். பங்குனியில் திருவிழா. சித்திரையில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஆடியில் யாராவது வீட்டைப் பிரிப்பார்களா? சாலமோன் சார் மாதாமாதம் அவரே போன் செய்வார், “வரட்டுமாம்மா?” என்பார், எடுத்தவர்கள் அடுத்த மாசம் சார் என்பார்கள். பிறகு அவர் மகள் போன் செய்தாள். கடைசி இரண்டு நாளும் அப்பா படுத்த படுக்கையில் கையை உயர்த்தி உயர்த்தி வெட்டி டவுன், டவுன் என்று உத்தரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்த வாரம் எங்கள் மாடிகளில் ஒரு மயிரிழைக் கீறல் விட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை, பூசிவிட்டோம்.

சேதியைக் கேட்டு அம்சவேணி அழவில்லை. “பாவம், நல்ல மனுசன்,” என்றாள். மாஸ்டர் அன்றைக்குக் கொட்டகையைப் பூட்டினார், திறக்கவே இல்லை. ‘வுடாத’ என்று கத்தின தொண்டை அதற்குப் பிறகு கரகரத்தே கிடக்கிறது.

மித்ராவுக்குப் பேச்சு வந்தபோது முதலில் வந்த சொல் ‘தூக்கு’. தெருவில் போகிற எல்லோரிடமும் கையை உயர்த்தித் ‘தூக்கு’ என்பாள், பால்காரரிடம்கூடச் சொல்வாள், அம்மாவிடம் மட்டும் சொல்ல மாட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா பக்கத்தில் போனால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்ளும் அது.

ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. கல் இறங்கி இறங்கி அம்சவேணியைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருந்தது, மழையில் அது தண்ணீர் பிடித்துக்கொண்டது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் மாடியில் துணி எடுக்க ஓடினோம். மித்ரா அம்மாவுக்குக் குடை கொண்டுபோகிறேன் என்று தானே போயிருக்கிறாள். சேற்று விளிம்பில் கால் வழுக்கியது. நான் மாடியிலிருந்து பார்க்கும்போது குடை மிதந்துகொண்டிருந்தது, குழந்தை இல்லை.

அம்சவேணி முட்டியை மடக்கிக் குனிந்தாள். முதுகு பலகை மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் கையை விட்டாள், கை வெறும் கயிறு, விரல் கொக்கி, பூமியைத் தள்ளினாள், தண்ணீர் சொட்டச் சொட்ட மித்ரா மேலே வந்தாள், மார்பைத் தாண்டி, முகத்தைத் தாண்டி, தலைக்கு மேலே போனதும் அம்சவேணியின் முழங்கை பூட்டிக்கொண்டது. மித்ரா இருமினாள், மூச்சு வாங்கினாள், உயிர் வந்தது.

நாங்கள் ஓடிப் பள்ளத்தைச் சுற்றி நின்றோம். அம்சவேணி இறக்கவில்லை. கையில் இருக்கும்வரைதான் குழந்தைக்குக் கனம், விட்டுவிட்டால் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? தொடையில் சதை என்று ஒன்று மிச்சமில்லை, எலும்பு மேல் எலும்பை அடுக்கி நின்றாள். நடுக்கம் கெண்டைக்காலில் ஆரம்பித்து முட்டிக்கு ஏறி இடுப்புக்கு வந்தது. கன்னத்தில் ஓடினது மழையா வேறா தெரியவில்லை, ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறந்து சில மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் பிள்ளையின் கனம் அவள் கையில் இருந்தது.

மித்ராவும் அழுகையை நிறுத்தினாள். “அம்மா! பஸ்ஸு தெரியுது! அதோ ஆறு தெரியுது!”

“பாரு,” என்றாள் அம்சவேணி. “நல்லா பாரு.”

மழை நின்றது, வெயில்கூட வந்தது. மித்ராவுக்குப் பசி வந்துவிட்டது. காலை உதைத்தாள். “அம்மா, எறக்கு. எறக்குன்னு சொல்றன் இல்ல?”

மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். “பாப்பா, இன்னொரு வாட்டி சொல்லு. சத்தமா சொல்லு கண்ணு!”

“எறக்கு!” என்று மித்ரா கத்தினாள். கையைக்கூட மேலிருந்து கீழே வெட்டினாள், அவளுக்கு யார் அதைக் காட்டினார்களோ. அந்த ஒரு நொடி நாங்கள் யாரும் மாடியைப் பார்க்கவில்லை, அது விழுந்தால் விழட்டும் என்றுதான் நின்றோம். அந்த நினைப்பு எங்களுக்கு வரவே இத்தனை நாள் ஆகியிருந்தது.

அம்சவேணி மெல்ல மெல்ல இறக்கி, பள்ளத்து ஓரத்தில் சேற்றின் மேல் பிள்ளையை நிறுத்திக் கையை எடுத்தாள். எல்லோரும் சேற்றையே பார்த்தோம்.

மித்ரா எங்களை நோக்கி ஓடி வந்தாள். நனைந்த சேற்றில் ஒரு காலடிகூட விழவில்லை.

அப்புறம் என்ன. காற்றடித்தால் குழந்தை போய்விடும், எதிலாவது கட்ட வேண்டும். எங்கள் தெருவில் எதைக் கட்ட? அம்மி ஆடுகிறது, ஆட்டுக்கல் உருளுகிறது, வீடே கனமில்லாத வீடு. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து இடுப்பில் கட்டிப் பார்த்தோம், சுமக்காத காலில் சதை பிடிக்கவில்லை, இழுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் அசையாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் பழைய புடவைக் கரையைக் கிழித்து ஒரு முனையை மித்ராவின் இடுப்பிலும் மறு முனையை அம்சவேணியின் மணிக்கட்டிலும் கட்டினேன்.

இப்போது மித்ராவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். தெருமுனைப் பள்ளிக்கூடம்தான், ஆனாலும் கயிறு எட்டவில்லை, தெருவில் உள்ள பொம்பளைகள் எல்லோரும் ஆளுக்கொரு புடவைக் கரை கொடுத்து முடிந்தோம். வாசல்படிவரை போகிறது. டீச்சர் படியிலேயே உட்காரவைத்து எழுதச் சொல்கிறார்கள். என் பையன் உள்ளே போகும்போது கயிற்றை மிதித்துவிடாமல் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டுவிட்டான்.

நேற்று மத்தியானம் கொல்லையில் துணி துவைக்கப் போனேன். அம்சவேணியின் மார்பளவுக்குப் பள்ளம். கயிறு அவள் கையில் லேசாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

“இன்னாடி பண்றா உன் பொண்ணு?” என்றேன்.

“அந்தப் பக்கம் இன்னா பண்றான்னு தெரியாது பரிமளா. அவ கனம் இங்க இருக்குது.” வலது கையால் இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினாள், பிள்ளை உட்காருகிற இடம். “மத்த கனமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சி. எது அம்மி, எது அம்மன் ஒண்ணும் தெரியல. இது மட்டும் தனியா தெரியுது.”

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். எதையோ கேட்பவள் மாதிரி தலையைச் சாய்த்தாள்.

“இன்னைக்கு முட்ட போட்டிருக்காங்க ஸ்கூல்ல,” என்றாள். “நல்லா சாப்ட்டிருக்கா.”

கல் அந்த ஒரு முட்டை அளவுக்கு மண்ணில் இறங்கியது.